ஜன்னலுக்குள் நுழைகிற பிள்ளைகளுக்கு

சேத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய் ஒரு நூல் மில்லில் கணக்கு பார்த்தவன் நான். ஒரு புரோகிராமில் கிடக்கும் எண்ணை இன்னொரு புரோகிராமில் திருப்பி அடிப்பதிலேயே பாதி நாள் போய்விடும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் முழு நாளும் போனது. அப்போதுதான் அந்த வேலையை ஸ்கிரிப்டிடம் தள்ளப் பழகினேன். இப்போது சாயங்காலம் லேப்டாப்போடு என் திண்ணைக்கு வருகிற பிள்ளைகளிடம் சொல்வதைத்தான் எழுதுகிறேன். பைதானில் பத்து வரி எழுதத் தெரிந்தால் போதும்.

1. ஸ்கிரிப்ட் எழுதுமுன் காதால் நடந்து பாருங்கள். கண் ஏமாற்றும். திரையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு பட்டன்கள் உள்ளே வேறு வேறு கிளையில் தொங்கும். என்விடிஏ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்வது அது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கினார்; அவரும் பார்வையற்றவர். நம் லாக்கை அணைத்துவிட்டு, இன்செர்ட்டை அழுத்திக்கொண்டே நம்பர் பலகையில் 2-ஐத் தட்டினால் ஒரு படி உள்ளே போகலாம். 8 வெளியே. 4 முந்தையது, 6 அடுத்தது. விண்டோ, அதற்குள் பேன், அதற்குள் டூல்பார், அதற்குள் பட்டன் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லும். ஒன்றுக்குள் ஒன்றாகக் கிளைக்கிற இந்த அடுக்கைத்தான் மரம் என்கிறேன்; அரை மணி நேரம் இப்படி நடந்தால் அது மனசில் பதிந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: வெறும் அடுக்குக்காக இருக்கிற கிளைகளை என்விடிஏ தானாகவே மறைத்துவிடும். 'சிம்பிள் ரிவ்யூ' என்ற டிக்கை எடுத்தால்தான் முழு மரமும் வரும்.

இந்த மரம் நமக்காக நட்டதில்லை. பார்வையற்றவர்களின் மென்பொருள்களுக்கு வழிவிடத்தான் மைக்ரோசாஃப்ட் 1997-இல் ஒரு ஏற்பாடு செய்தது. விண்டோஸ் விஸ்டா காலத்தில் அதை விரித்து யூஐ ஆட்டோமேஷன் ஆக்கியது. அவர்களுக்காக வெட்டிய கிணற்றில்தான் நாம் மொண்டுகொள்கிறோம்.

2. தேடலை மொத்தத் திரையிலிருந்து தொடங்காதீர்கள். டெஸ்க்டாப்தான் மேல் வேர். அங்கே நின்று 'எல்லா வாரிசுகளிலும் தேடு' என்றால் திறந்திருக்கிற அத்தனை புரோகிராமையும் அது சலிக்கும். மைக்ரோசாஃப்டின் ஆவணமே அப்படிச் செய்ய வேண்டாம் என்கிறது. தேவதானத்தில் ஒரு வீட்டுக்குப் போக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வருவார்களா? முதலில் டெஸ்க்டாப்பின் நேர்ப் பிள்ளைகளில் உங்கள் விண்டோவைப் பிடியுங்கள். பிறகு அதற்குள் தேடுங்கள்.

3. 'நாலாவது கட்டம்' என்று எழுதவே கூடாது. நான் எழுதினேன். மில்லில் இருந்த பில் புரோகிராமில் எடைக்கு மூன்றாவது கட்டம், விலைக்கு நாலாவது. ஒரு நாள் புதுப் பதிப்பு போட்டார்கள். மேலே புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது. என் ஸ்கிரிப்டுக்கு அது எப்படித் தெரியும்? கிலோவின் எண்ணிக்கை வேறெங்கோ உட்கார்ந்தது, எடை இருக்க வேண்டிய இடத்தில் விலை உட்கார்ந்தது. ஸ்கிரிப்ட் ஒரு பிழையும் சொல்லாமல் சந்தோஷமாக முடிந்தது. மறுநாள் நூல் வாங்குகிறவர் போன் பண்ணிச் சிரித்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும்.

கட்டத்துக்கு ஆட்டோமேஷன் ஐடி என்ற உள்பெயர் இருந்தால் அதைப் பிடியுங்கள். இல்லாவிட்டால் வகையையும் பெயரையும் சேர்த்துப் பிடியுங்கள். கட்டத்துக்குப் பெயரே இல்லையா? அதற்கு முந்தின உடன்பிறப்பைப் பாருங்கள். பெரும்பாலும் 'எடை' என்ற லேபிள் அங்கே இருக்கும். ரன்டைம் ஐடி என்று ஒன்று கண்ணில் படும். அதைக் குறித்து வைக்காதீர்கள், அடுத்த முறை திறக்கும்போது மாறியிருக்கும். அடித்து முடித்ததும் கட்டத்திலிருந்து திரும்ப வாசித்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அது அரை நொடி வேலை.

4. தமிழ்ப் பெயரைத் தேடுகிறவர்கள் கொம்பைக் கவனியுங்கள். இதில்தான் நான் இரண்டு நாள் தொலைத்தேன். 'கொள்முதல்' என்ற மெனுவைத் தேடுகிறேன். கண்ணெதிரே இருக்கிறது, ஸ்கிரிப்ட் இல்லை என்கிறது. 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம். ககரத்தின் பின் ஒகரக் குறியை ஒரே எழுத்தாகச் சேர்க்கலாம். கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் சேர்க்கலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. எண்ணிப் பார்த்தால் ஒன்றில் ஓர் எழுத்து கூடுதல். ஒப்பிடுமுன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றினால் தீர்ந்தது; பைதானில் அதற்கு ஒரே வரி.

'கௌசல்யா' வேறு கதை. ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பு போட்டு ளகரத்தை அடித்து வைத்திருப்பார்கள். என்எஃப்சி அதைத் தொடாது, ஏனென்றால் அது உண்மையிலேயே எழுத்துப் பிழை. அந்த இடத்தில் இரண்டு வடிவத்தையும் நீங்களேதான் தேட வேண்டும். பாமினி மாதிரி பழைய எழுத்துரு போட்ட புரோகிராமாக இருந்தால் பெயர் என்று கேட்டதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து விழும். பயப்படாதீர்கள், அப்படியே நகலெடுத்து அதையே தேடுங்கள்.

5. ஒவ்வொரு நூல் கோனாகக் கோடவுனுக்குத் தூக்காதீர்கள். மரத்தில் இருக்கிற பட்டன், கட்டம் எல்லாமே எலிமெண்ட்தான்; ஓர் எலிமெண்டின் பெயர், வகை, இடம் என்று ஒவ்வொன்றைக் கேட்கும்போதும் உங்கள் ஸ்கிரிப்ட் இன்னொரு புரோகிராமுக்குள் போய்த் திரும்புகிறது. ஆயிரம் எலிமெண்டுக்கு அப்படிப் போய்வந்தால் டீ குடித்துவிட்டு வரலாம். வேண்டியதை முன்கூட்டியே சொல்லி மூட்டையாக வாங்கிக்கொள்ளும் வசதிக்கு கேஷ் ரிக்வெஸ்ட் என்று பெயர். பைவின்ஆட்டோ என்ற பைதான் நூலகத்தில் தொடங்குகிறவர்களுக்கு முதல் மாதம் இது வேண்டாம். எத்தனை படி ஆழம் போகலாம் என்று ஓர் எல்லை வைத்தாலே போதும்.

6. பட்டியலில் ஆயிரம் வரி இருந்தாலும் மரத்தில் முப்பதுதான் இருக்கலாம். திரையில் தெரிகிற வரிகளை மட்டும் உண்டாக்குகிற புரோகிராம்கள் நிறைய. கீழே உருட்டி, மறுபடி எண்ணுங்கள்.

7. தூங்கச் சொல்லாதீர்கள், காத்திருக்கச் சொல்லுங்கள். ஐந்து நொடி சும்மா நிற்பது வேறு, பட்டன் தயாராகும்வரை நிற்பது வேறு. திரை புதுப்பிக்கப்பட்டதும் கையில் பிடித்திருந்த எலிமெண்ட் செத்திருக்கும். மறுபடி தேடி எடுங்கள்.

8. உள்ளே போனால் ஒன்றுமே இல்லாத ஜன்னல்களும் உண்டு. பட்டனையெல்லாம் படமாகத் தானே வரைந்துகொள்கிற புரோகிராம் அது. ஒரே ஒரு பேன், அதற்குள் வெறுமை. அங்கே கீபோர்டு குறுக்குவழிதான் கதி. புள்ளி பார்த்து மவுஸைத் தட்டுவது கடைசி வழி, திரை அளவு மாறினால் அதுவும் போச்சு. புரோகிராம் அட்மினாக ஓடி உங்கள் ஸ்கிரிப்ட் சாதாரணமாக ஓடினாலும் கதவு திறக்காது. இரண்டையும் ஒரே தரத்தில் ஓட்டுங்கள்.

9. வேலை ஓடுகிற நாளிலேயே முழு மரத்தையும் ஒரு கோப்பில் கொட்டித் தேதி போட்டு வையுங்கள். புதுப் பதிப்பு வந்த காலையில் இன்னொன்று கொட்டி இரண்டையும் ஒப்பிட்டால், புதுக் கட்டம் எங்கே முளைத்தது என்று நூல் வாங்குகிறவர் போன் பண்ணுமுன் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

10. நீங்களே கடைக்கு பில் புரோகிராம் எழுதுகிறவர்களானால், படம் மட்டும் ஒட்டிய ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் கொடுங்கள். போன மாதம் ஒரு பிள்ளை பெருமையாகக் காட்ட வந்தது. அழகான திரை. என்விடிஏவைப் போட்டு அதையே நடக்கச் சொன்னேன். 'பட்டன். பட்டன். பட்டன். பட்டன்' என்றது. எது சேமிக்கிறது, எது அழிக்கிறது என்று கேட்டேன். பிள்ளை லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது.