வீட்டிலேயே படிக்கப்போகும் பிள்ளைகளுக்காக

மல்லேஸ்வரம்,
பெங்களூரு

அன்புள்ள மருமகளுக்கு,

அடுத்த மாதம் நீங்கள் இங்கே குடிவருவதையும், பிள்ளைகளை இப்போதைக்கு வீட்டிலேயே படிக்கவைக்க நீயும் மாப்பிள்ளையும் முடிவுசெய்திருப்பதையும் அண்ணா போனில் சொன்னார். அண்ணாவுக்குக் கவலை. எனக்கு இல்லை. பெரியவனுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு மூன்று. இந்த வயதில் வரவேண்டியது, ஒன்றை நின்று நிதானமாகக் கவனிக்கும் பழக்கம். அது வந்துவிட்டால் எழுத்தும் கணக்கும் பின்னாலேயே வரும். ஆனால் நாள் தவறாமல் பழக்கினால்தான் அது வரும்.

வாங்கி வைத்திருக்கும் பயிற்சிப் புத்தகங்கள் கொஞ்ச காலம் அலமாரியிலேயே இருக்கட்டும். முதலில் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மரத்தைப் பெரியவனே தேர்ந்தெடுக்கட்டும். புங்கமரம் கிடைத்தால் நல்லது. கோடைக்கு முன்னால் இலையை உதிர்த்து, பளபளவென்று தளிர்விட்டு, பிறகு நடைபாதை முழுக்கப் பூவைக் கொட்டும். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், இலை, மொட்டு, பூ, காய் என்று பார்த்ததை அவன் சொல்லச் சொல்ல நீ எழுது. ‘சீசன்வாட்ச்’ என்ற திட்டத்தில் பல மாநிலங்களில் பள்ளிப் பிள்ளைகள் இதைத்தான் செய்கிறார்கள். ஒரே மரத்தை வாராவாரம் பார்த்து அவர்கள் அனுப்பும் குறிப்புகளை வைத்து, மரங்களின் பருவம் எப்படி மாறுகிறது என்று ஆராய்கிறார்கள். நம் பையனின் குறிப்பும் அதில் சேரலாம். தான் பார்த்தது இன்னொருவருக்குப் பயன்படுகிறது என்று தெரிந்த பிள்ளை இன்னும் உற்றுப் பார்க்கும்.

காலையில் சாங்கி ஏரிக்குக் கூட்டிப் போ. 1882-இல் வெட்டிய ஏரி அது. அங்கே போனதும் பறவையின் பேரைச் சொல்ல அவசரப்படாதே. நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைப்பதையும், மடையான் அசையாமல் நின்று மீனைக் கொத்துவதையும் பார்த்துவிட்டு அவர்களாகவே கேட்கட்டும். பேர் கிடைத்ததும் பல பிள்ளைகள் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

ராத்திரி கதை ஒருநாளும் தவறக்கூடாது. பாவ்நகரில் 1920-இல் பாலர் பள்ளி தொடங்கிய ஜிஜுபாய் பதேக்கா எழுதிய ‘பகல் கனவு’ தமிழில் கிடைக்கிறது, வாங்கிப் படி. அதில் வரும் ஆசிரியர், அடங்காத வகுப்பைக் கதை சொல்லித்தான் தன் பக்கம் இழுக்கிறார். இங்கிலாந்தில் ஷார்லட் மேசன் என்ற கல்வியாளர் இருந்தார் (1842–1923). ஆறு வயதுவரை முறையான பாடமே வேண்டாம், வெளியே விடுங்கள் என்று எழுதியவர். ஆறுக்குப் பிறகு அவர் சொன்ன முறை எளிது: ஒரு பகுதியை ஒரே ஒரு முறை வாசி, பிறகு பிள்ளை அதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லட்டும். குறுக்கே திருத்தாதே. இன்னொரு முறை வாசிக்கமாட்டாள் அம்மா என்று தெரிந்தால் காது தானாகத் தீட்டிக்கொள்ளும். வாசிப்பது தமிழில் இருக்கட்டும். கன்னடம் தெருவில் விளையாடும்போது வந்துவிடும், இங்கிலீஷ் எப்படியும் வரும். தமிழுக்கு இந்த ஊரில் வீடுதான் கதி. பெங்களூரில் 2004-இல் தொடங்கிய பிரதம் புக்ஸ், சென்னையின் தூலிகா இரண்டு பதிப்பகங்களிலும் தமிழ்ப் படக்கதைகள் உண்டு. அழ. வள்ளியப்பா பாட்டுகளை நீயே பாடு.

மிச்சத்தை வீட்டு வேலை சொல்லித்தரும். மார்கழியில் எட்டாவது கிராஸ் மார்க்கெட்டில் அவரைக்காய் குவியும். உரித்து, ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுக்கும் வேலையைச் சின்னவளிடம் கொடு. பென்சில் பிடிக்கும் முன் விரல்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. பூக்காரம்மா முழம் போடும்போது பெரியவனும் தன் கையால் அளக்கட்டும். இரண்டு முழமும் ஏன் ஒன்றாக இல்லை என்று அவன் கேட்கும் நாளில் ஸ்கேலை எடுத்துக் கொடு. சரித்திரமும் பக்கத்திலேயே இருக்கிறது. காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு 1669-இல் ஒரு கிராமத்தையே மானியமாக விட்டவர் சிவாஜியின் தம்பி ஏகோஜி. பின்னாளில் தஞ்சாவூரில் மராட்டிய ஆட்சியைத் தொடங்கியவரும் அவரே. நம் பாட்டனார் ஊருக்கும் இந்தத் தெருவுக்கும் உள்ள தொடர்பைக் கோயில் வாசலில் வைத்தே சொல்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இரு. ஒன்று, தினமும் மற்ற பிள்ளைகளோடு விளையாட்டு. சண்டை போட்டு, விட்டுக்கொடுத்து, மறுநாள் மறுபடி சேர்வதை அம்மாவால் கற்றுத்தர முடியாது. இன்னொன்று சட்டம். 2010 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் ஆறிலிருந்து பதினான்கு வயதுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமை என்கிறது. வீட்டுக் கல்விக்கென்று தனி விதி அதில் இல்லை. ஆகவே பெரியவனுக்கு ஆறு நிறையும் முன் நீங்கள் இருவரும் உட்கார்ந்து, விவரம் தெரிந்தவர்களையும் கேட்டு முடிவெடுங்கள். ஆறு வயது தாண்டிச் சேரும் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. பதினான்கு வயதானபின் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வும் எழுதலாம். பள்ளிக்கு அனுப்புவதென்று முடிவானால் அதைத் தோல்வி என்று எண்ணாதே. கவனிக்கப் பழகிய பிள்ளை எந்த வகுப்பிலும் நன்றாக உட்காரும்.

கடைசியாக உனக்கு. இதைத் தனியாளாகத் தூக்காதே. ஏரி நடையோ ராத்திரிக் கதையோ, ஒன்று மாப்பிள்ளையுடையதாக இருக்கட்டும். செவ்வாய், வெள்ளி சாயங்காலம் இரண்டு பேரையும் என்னிடம் விட்டுவிடு. அந்த நேரத்தில் வீட்டு வேலை பார்க்காமல் உனக்குப் பிடித்த புத்தகத்தை எடுத்து வாசி. அம்மா விரும்பிப் படிப்பதைப் பார்க்கும் பிள்ளைகள் படிப்பை விரும்புவார்கள்.

ஆசிகளுடன்,
உன் அத்தை