தேகாப்பியாசமும் வைத்தியமும்

நடப்பது நல்லதென்பதை அறியாதவர் இல்லை. ஆயினும் டாக்டர் நடக்கச் சொல்லும்பொழுது அது வெறும் புத்திமதியன்று. அளவும் காலமும் உடைய ஒரு மருந்தேயாகும். மருந்தாகையால் அதற்குக் குணமும் உண்டு, எல்லையும் உண்டு. சங்க அங்கத்தினர்கள் இவ்விரண்டையும் அறிதல் அவசியம்.

முதலாவது, குணம். நீரிழிவு வரக்கூடிய நிலையிலிருந்த 531 பேரைச் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் பல வருஷம் கவனித்து, 2006-ஆம் வருஷத்தில் முடிவை வெளியிட்டனர். சாதாரண ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று வருஷத்தில் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு கண்டது. தினம் அரைமணி நடையும் ஆகாரத் திட்டமும் கைக்கொண்டவர்களில் சுமார் 39 பேருக்கே கண்டது. மெட்பார்மின் மாத்திரை உட்கொண்டவர்களில் அது சுமார் 40. ஆகவே நடையும் ஆகார ஒழுங்கும் மாத்திரைக்குச் சமமாக நின்றன.

இதற்குக் காரணம் யாதெனில், உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவிடுகிறது. இப்பயன் ஓரிரு நாளே நிற்கும். மாதம் ஒருமுறை பத்து மைல் நடப்பதால் பயனில்லை. தவணை தவறாமல் நடக்கவேண்டும்.

இரண்டாவது, எல்லை. மேற்படி கணக்கையே திருப்பிப் பாருங்கள். திட்டப்படி நடக்கச் சொல்லப்பட்டவர்களிலும் 39 பேருக்கு நோய் வந்தது. மேலும், அவர்கள் நோய் வருமுன் நிலையிலிருந்தவர்கள். நோய் கண்டபின், "நடக்கிறேனே" என்று மாத்திரையைத் தாமே நிறுத்துவது தவறு. இன்சுலினை நிறுத்துவதோ சிலருக்கு உயிருக்கே ஆபத்து.

எல்லோருக்கும் ஒரே அளவும் பொருந்தாது. மதுரைக் கடைவீதியில் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவருக்கு நடை அவசியம். மேலூரிலும் வாடிப்பட்டியிலும் வயலில் உழைப்பவர் அவ்வுழைப்பைத் தொடர்ந்தாற் போதும். அவர் கவனிக்கவேண்டியது ஆகாரத்தையும் இரத்தப் பரிசோதனையையுமே.

நடப்போர் கவனிக்கவேண்டியவை:

1. இன்சுலினோ மாத்திரையோ கொள்பவர் வெறும் வயிற்றுடன் நெடுந்தூரம் நடக்கலாகாது. நடுக்கமும் வியர்வையும் கண்டால் உடனே சர்க்கரை உட்கொள்ளவேண்டும்.

2. காலில் உணர்ச்சி குறைந்தவர் வரப்பிலும் செருப்பின்றி நடத்தல் கூடாது. புண் இருப்பின் டாக்டரைக் காணுமுன் நடைப்பயிற்சி வேண்டாம்.

3. மார்பில் வலியோ மூச்சுத்திணறலோ தோன்றின் உடனே நின்று ஆஸ்பத்திரிக்குச் செல்க.

4. மருந்தின் அளவைக் குறைப்பது டாக்டரின் பொறுப்பு, நம்முடையதன்று.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை இலவசம். முப்பது வயது கடந்த ஒவ்வோர் அங்கத்தினரும், அவர் வீட்டுப் பெண்மக்களும், முதலில் அங்கே சென்று தம் நிலையை அறிந்துகொள்வார்களாக. எவ்வளவு நடப்பது என்பதை அதன் பின்னரே தீர்மானிக்கலாம்.