வறட்சியில் மணிலாக்கொட்டை

ஆரணி வட்டாரத்தில் மானாவாரியாக மணிலாக்கொட்டை பயிரிடும் அங்கத்தினர்கள் ஓர் உண்மையை அறிதல் நலம். மழை பொய்த்தால் இச்செடி இலைகளை மடித்து, இலைத்துளைகளை மூடி, ஆழ வேரோடி உயிர் தாங்கும். காயின் நிலை அவ்வாறன்று. பூவினின்று இறங்கும் விழுது மேல்மண்ணில் ஏறத்தாழ இரண்டு அங்குலத்திற்குள்ளேயே காயாகிறது. அம்மண் இறுகினால் விழுது நுழையாது. நுழைந்த காயும், தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை மண்ணீரத்திலிருந்து நேரே உறிஞ்சுவதால், ஈரமின்றேல் பொக்காகும்.

ஆகவே, விதைத்த 40 முதல் 45 நாட்களுக்குள், மண்ணில் ஈரமுள்ளபோது, ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு, கொத்தி மண் அணைத்தல் வேண்டும். மழை தாமதித்தால் 75-ஆம் நாள்வரை ஜிப்சம் இடலாம். ஆயினும் 45-ஆம் நாளுக்குப்பின் மண்ணைக் கிளறலாகாது.

செடியின் பசுமை கண்டு மகிழ்ந்திருத்தல் போதாது. சங்கக் கடன் தீர்வது காயின் எடையால் அன்றோ?