எலெக்ட்ரிக் கிட்டார்: நெக் வடிவமும் செட்டப்பும்

கிட்டாரின் நெக்கைக் குறுக்கே அறுத்தால் அதன் பின்பக்கம் எப்படி வளைந்து தெரியுமோ, அதுவே நெக் வடிவம். சி, டி, யூ, வி என்ற எழுத்துகளால் அதைக் குறிக்கிறார்கள். ஏறக்குறைய அரைவட்டமாக இருப்பது சி. அதன் முதுகு தட்டையானால் டி. பக்கங்கள் செங்குத்தாக இறங்கி உள்ளங்கையை நிறைத்தால் யூ. முதுகின் நடுவே முகடு எழும்பினால் வி. எழுத்தை வைத்து வளைவை ஊகிக்கலாம், தடிமனை ஊகிக்க முடியாது. ஒரு சி நெக் முதல் ஃப்ரெட்டில் 20 மில்லிமீட்டர் இருக்கும், இன்னொன்று 23 இருக்கும். கையில் எடுத்தால் இரண்டுக்கும் உறவே இல்லை. வாங்கப் போகிறவர் எழுத்தைக் கேட்பதோடு நிறுத்தாமல் முதல் ஃப்ரெட்டிலும் 12ஆம் ஃப்ரெட்டிலும் தடிமன் எவ்வளவு என்று கேட்பது நல்லது. 1960களின் ஃபெண்டர் நெக்குகளில் அச்சான ஏ, பி, சி, டி எழுத்துகள் வளைவைப் பற்றியவையே அல்ல, கம்பிகள் நெக்கின் தலைப்பக்கம் தங்கும் நட்டின் அகலத்தைக் குறித்தவை. பழைய கிட்டார் தேடுபவர்கள் இன்றும் இதில் குழம்புகிறார்கள்.

1950களின் தொடக்கத்தில் ஃபெண்டர் டெலிகாஸ்டரின் நெக் தடித்த உருட்டாக இருந்தது. அந்தப் பத்தாண்டின் நடுவில் ஸ்ட்ராட்டோகாஸ்டர்களில் வி வடிவம் வந்தது. எரிக் கிளாப்டனின் கையொப்ப மாடல் இன்றும் மென்மையான வி நெக்கோடுதான் வருகிறது. கிப்சன் லெஸ் பால் 1958, 1959 ஆண்டுகளில் பருமனாக இருந்து 1960இல் மெலிந்தது. 1980களில் வேகமாக வாசிப்பவர்களுக்காக ஐபனீஸ் செய்த விசார்ட் நெக் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் வரை ஒடுங்கியது. நெக் மெலிந்தால் வாசிப்பு எளிதாகும் என்ற நம்பிக்கை பரவியது அந்தக் காலத்தில்தான்.

அந்த நம்பிக்கை பாதி உண்மை. கட்டை விரலை நெக்கின் முதுகில் ஊன்றி, மற்ற விரல்களை நன்றாக விரித்து வாசிப்பவருக்கு மெலிந்த, தட்டையான நெக் உதவும். கட்டை விரலை மேல் விளிம்பில் வளைத்துப் பிடித்து ப்ளூஸ் பாணியில் கம்பியை இழுப்பவருக்கு அதே நெக்கில் பிடிமானம் கிடைக்காது. அவருக்கு வி நெக் பொருந்தும். கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் அதன் முகடு போய் அமரும். மெல்லிய நெக்கில் நெடுநேரம், ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் பேரே கார்டு பிடிப்பவர்களுக்குக் கட்டை விரல் அடி வலிப்பதும் உண்டு. உள்ளங்கையில் தாங்க எதுவும் இல்லாததால் விரல்கள் இடுக்கியைப் போல் நெரிக்கின்றன. சிறிய கைக்கு மெல்லிய நெக், பெரிய கைக்குத் தடித்த நெக் என்ற கடைப் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தடிமன் வாசிப்பவரின் விருப்பத்தையும் பொறுத்தது: கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்கின் பெயரில் 1991இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் நெக் பலரை மிரட்டும் அளவுக்குத் தடித்திருந்தது. பிந்தைய பதிப்பில்தான் மெலிந்தது.

தடிமனைவிடக் கையை அதிகம் பாதிப்பது பலர் கவனிக்காத தோள் பகுதி, அதாவது ஃப்ரெட்போர்டின் விளிம்பிலிருந்து முதுகுக்கு வளைவு இறங்கும் இடம். தோள் சரிந்த நெக், அளவில் தடித்தாலும் கையில் மெலிந்ததாகவே தோன்றும். தோள் புடைத்திருந்தால் மெல்லிய நெக்கும் கட்டையாகத் தோன்றும். மேற்பூச்சுக்கும் பங்கு உண்டு. பளபளக்கும் பூச்சில் வியர்வைக் கை ஒட்டும். சென்னையின் சித்திரை வெயிலில் வாசித்தவருக்கு இது தெரியும். மிக மெல்லிய ஸ்டீல் வுல்லால் முதுகை இலேசாகத் தேய்த்துப் பளபளப்பைக் குறைத்தால் கை தடையின்றி ஓடும். தேய்க்கும் முன் பிக்கப்புகளை டேப் ஒட்டி மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரும்புத் தூள் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஃப்ரெட்போர்டின் மேற்புற வளைவு வேறு சங்கதி. அதை ஆர வளைவு எனலாம். பழைய ஃபெண்டரில் அது 7.25 அங்குலம், இன்றைய ஃபெண்டர்களில் பெரும்பாலும் 9.5, கிப்சனில் 12, வேக வாசிப்புக்கான கிட்டார்களில் 16 வரை. எண் கூடக் கூடத் தளம் தட்டையாகும். 7.25இல் கார்டு பிடிக்கச் சுகமாக இருக்கும். ஆனால் கம்பிகள் தாழ்ந்திருக்கும்போது மேல் ஃப்ரெட்டுகளில் மெல்லிய கம்பியை ஒரு முழு சுரம் இழுத்தால் அது வளைவின் உச்சியிலுள்ள ஃப்ரெட்டில் உரசி, ஒலி செத்துவிடும். எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னாவின் வழியில் கமகத்துக்காகக் கம்பியை இழுக்க விரும்புபவர்கள் நெக் வடிவத்துக்கு முன்பே இதைப் பார்க்க வேண்டும். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையுள்ள ஸ்கேல் நீளமும் கையில் தெரியும். ஃபெண்டரின் 25.5 அங்குலத்தில் கட்டிய அதே கம்பி கிப்சனின் 24.75இல் ஏறக்குறைய 6 சதவீதம் தளர்வாக இருக்கும்.

இவ்வளவையும் ஒப்பிடுவதற்கு முன் கிட்டார் செட்டப் ஆகியிருக்க வேண்டும், அதாவது நெக்கின் வளைவும் கம்பியின் உயரமும் சரிசெய்யப்பட்டிருக்க வேண்டும். கடையில் தொங்கும் கிட்டாரில் கம்பி உயர்ந்திருந்தால் எந்த நெக்கும் முரடாகத்தான் தோன்றும். நெக் பிடிக்கவில்லை என்று விற்கப்படும் கிட்டார்களில் பலவற்றுக்குத் தேவைப்பட்டது அரை மணி நேரச் செட்டப் மட்டுமே.

செட்டப்பில் வரிசை முக்கியம். வாசிக்கப்போகும் அளவுக் கம்பியைக் கட்டி, வாசிக்கப்போகும் சுருதியில் நிறுத்துவது முதல் வேலை. 9 அளவுக் கம்பியிலிருந்து 10க்கு மாறினால் இழுவிசை கூடி நெக் முன்னால் வளையும். ஆகவே கம்பியை மாற்றாமல் அளப்பது வீண். அடுத்தது ரிலீஃப் எனப்படும், நெக்கின் இலேசான முன்வளைவு. அதிரும் கம்பிக்கு நடுவில் கூடுதல் இடம் தேவைப்படுவதால் இந்த வளைவு வேண்டும். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, 7ஆம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்க வேண்டும். 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் போதும். இடைவெளி கூடுதலாக இருந்தால் நெக்குக்குள் ஓடும் டிரஸ் ராடை இறுக்க வேண்டும், இல்லவே இல்லை என்றால் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், மறுபடி சுருதி சேர்த்து அளப்பது நல்லது. திருக மறுத்தால் பலத்தைக் காட்டாமல் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்துவிடலாம். டிரஸ் ராடு முறிந்தால் செலவு பெரிது.

ரிலீஃப் சரியான பிறகே ஆக்‌ஷன், அதாவது கம்பியின் உயரம். டிரஸ் ராடைத் திருகி ஆக்‌ஷனைக் குறைக்கப் பார்ப்பது பரவலாகக் காணப்படும் தவறு. உயரத்தைத் தீர்மானிக்க வேண்டியது பிரிட்ஜ். 17ஆம் ஃப்ரெட்டில் அளந்தால் 9.5 முதல் 12 அங்குல வளைவுக்கு 1.6 மில்லிமீட்டர் நல்ல தொடக்கம். 7.25இல் தடித்த கம்பிக்கு 2 மில்லிமீட்டர் விட வேண்டும். மெல்லிய கம்பி இழுக்கும்போது செத்தால் அதையும் சற்று உயர்த்த வேண்டியதுதான். தட்டையான தளத்தில் மெல்லிய கம்பியை 1.2 வரை இறக்கலாம். ஃபெண்டர் பிரிட்ஜில் கம்பி அமரும் ஒவ்வொரு சேடிலும் தனியாக உயரும் என்பதால் ஆறும் சேர்ந்து ஃப்ரெட்போர்டின் வளைவையே பின்பற்றுகின்றனவா என்று பார்க்க வேண்டும். விரலால் பலமாக மீட்டுபவருக்கு இந்த அளவுகளைவிடக் கொஞ்சம் கூடுதலே ஒத்துவரும்.

கரகரப்பு எந்த இடத்தில் வருகிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். முதல் நான்கைந்து ஃப்ரெட்டுகளில் மட்டும் என்றால் நெக் நேராகிவிட்டது. 12க்கு மேல் என்றால் ரிலீஃப் அதிகம், அல்லது ஆக்‌ஷன் தாழ்வு. திறந்த கம்பியில் மட்டும் என்றால் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. ஒரே ஒரு இடத்தில் என்றால் அடுத்த ஃப்ரெட் தூக்கியிருக்கிறது. அதற்கு எந்தத் திருகும் உதவாது, ஃப்ரெட்டைச் சீர்செய்ய வேண்டும். நட்டின் பள்ளம் மேலாக இருந்தால் முதல் ஃப்ரெட்டில் எஃப் கார்டு பிடிப்பது தண்டனையாகிவிடும், சுருதியும் ஏறி ஒலிக்கும். கம்பியை 3ஆம் ஃப்ரெட்டில் அழுத்தினால் முதல் ஃப்ரெட்டின் மேல் மயிரிழை இடைவெளி தெரிய வேண்டும். பள்ளத்தை ஆழப்படுத்த அதற்கான அரம் வேண்டும். கூடுதலாக அராவினால் நட்டையே மாற்ற நேரும்.

இன்டோனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது, கடைசி. 12ஆம் ஃப்ரெட்டில் தொட்டெழுப்பும் ஹார்மோனிக்கும் அதே இடத்தில் அழுத்திய சுரமும் ட்யூனரில் ஒன்றாக நிற்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளிக் கம்பியை நீட்ட வேண்டும், இறங்கியிருந்தால் முன்னால். இதைப் பழைய கம்பியில் செய்வதில் பயன் இல்லை.

ஈரப்பதம் மாறும்போது மரம் அசையும். ஐப்பசி மழையிலும் மாதக்கணக்காக ஏசி ஓடும் அறையிலும் ஒரே ரிலீஃப் நிற்காது. ஏசியில் காய்ந்த ஃப்ரெட்போர்டு சுருங்கினால் ஃப்ரெட்டுகளின் முனைகள் ஓரத்தில் நீட்டி விரலைக் கீறும். பருவம் மாறும்போது ரிலீஃபை மட்டும் ஒரு முறை அளந்தால் போதும்; அது பழைய அளவிலேயே இருந்தால் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை.