சிறிய வால்வும் பெரிய உழவும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் மொழி. காஞ்சி நகரின் தென்பால், பாலாற்றங்கரையில் வாழும் செவிலிமேட்டு மக்களுக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டுவதில்லை. தேருக்கு அச்சாணி எவ்வாறோ, டிராக்டர் டயருக்கு வால்வும் அவ்வாறே. விரல் நீளமேயுள்ள அப்பொருள் கெட்டால், பல இலட்சம் ரூபாய் பெறும் இயந்திரம் சேற்றில் நின்றுவிடும்.

செவிலிமேட்டையடுத்த சிற்றூரொன்றில், சொர்ணவாரிப் பட்டத்துச் சேற்றுழவின்போது இத்தகைய நிகழ்ச்சி ஒன்றை நாம் நேரிற் கண்டோம். நடு வயலில் டிராக்டர் நின்றிருந்தது. பின் சக்கரத்து டியூபிலிருந்து வால்வு அடியோடு பிய்ந்து போயிருந்தது. அந்த உழவருக்கு ஏரித் தண்ணீர் முறை அன்று ஒரு நாளே. சக்கரத்தைக் கழற்றிப் புது டியூப் இடுவதற்குள் பொழுது சாய்ந்தது. தண்ணீரும் அடுத்தவர் முறைக்குப் போய்விட்டது. நாற்றங்காலில் நாற்று முற்றத் தொடங்கியது. டியூப் மட்டமானது என்று உழவர் நொந்துகொண்டார். ஆராய்ந்து பார்க்கையில் குறை வேறிடத்தில் இருந்தது. டயரில் காற்றுப் போதவில்லை.

காற்றுக் குறைந்தால் வால்வு ஏன் பிய்ய வேண்டும்? டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடித்திருப்பது உள்ளேயுள்ள காற்றின் அழுத்தமே. அது குறைந்த நிலையில் பாரம் இழுக்கும்போது, டயர் ரிம்மின்மேல் சிறிது சிறிதாக நழுவும். டயருடன் டியூபும் நகரும். வால்வோ ரிம்மின் துளையில் அகப்பட்டு நகர மாட்டாது. முதலில் அது சாயும். பின்னர் அடியில் கிழியும். இதை முன்னதாக அறிய எளிய வழியுண்டு. டயரிலும் ரிம்மிலும் நேர்கோடாகச் சுண்ணாம்பால் ஒரு குறியிடுக. சில நாள் உழவுக்குப்பின் இரு குறிகளும் விலகியிருந்தால் டயர் நழுவுகிறது என்று தெளியலாம். சாய்ந்து நிற்கும் வால்வும் இதே எச்சரிக்கையைத் தருகிறது.

இனி வால்வைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். சைக்கிளில் உள்ள வால்டியூபை நாம் அனைவரும் அறிவோம். டிராக்டர், ஜீப், டிரெய்லர் ஆகியவற்றில் உள்ளது வேறு வகை. அமெரிக்காவில் 1893-இல் காப்புரிமை பெற்ற ஷ்ரேடர் அமைப்பின் வழிவந்தது அது. அதனுள்ளே வில்லுடன் கூடிய ஊசி ஒன்று காற்றை அடைத்து நிற்கிறது. பஞ்சர் கடைகளில் இதனை வால்வு பின் என்பர்.

டியூப் உள்ள டிராக்டர்ப் பின் டயருக்கு டி.ஆர். 218 ஏ என்னும் வகை பொருந்தும். காற்றும் நீரும் நிரப்ப ஏற்றது இது. டியூப் இல்லாத டயருக்கு டி.ஆர். 618 ஏ உரியது. ஜீப் போன்ற வண்டிகளில் ரிம் துளையில் இழுத்துப் பொருத்தும் ரப்பர் வால்வுகள் உள்ளன. 11.5 மி.மீ., 15.7 மி.மீ. என்னும் இரு துளை அளவுகளுக்கு அவை கிடைக்கும். துளையை அளந்தே வாங்குக. இவ்வகை 65 பவுண்டு அழுத்தம் வரையே தாங்கும். அதற்கு மேற்பட்ட அழுத்தத்திற்கும், கல்லும் முள்ளும் நிறைந்த தடத்திற்கும், நட்டு முடுக்கிப் பொருத்தும் பித்தளை வால்வே தக்கது. வால்வு ரிம்மை விட்டு மிகுதியாக வெளியே நீண்டிருத்தலும் ஆகாது. கட்டையிலும் வரப்பிலும் மோதி ஒடியும்.

வாங்குமுன் ரப்பரை விரலால் மெல்ல வளைத்து, அடிப்பாகத்தில் நுண்ணிய வெடிப்பு உண்டா என்று பார்க்க. காற்றிலுள்ள ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யும். இக்குறையால் 2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரப்பர் வால்வுகள் பெருந்தொகையாகத் திரும்பப் பெறப்பட்டன. கடையில் நெடுநாள் வெயிலில் தொங்கிய சரக்கை மலிவென்று வாங்குதல் நன்றன்று.

வாங்கியபின் பேணும் வகை:

1. மூடியைத் தவறவிடாதீர். உள்ளே ரப்பர் வளையமுள்ள உலோக மூடி, சேற்றைத் தடுப்பதோடு இரண்டாவது அடைப்பாகவும் பயன்படும்.

2. எச்சிலையோ சோப்பு நீரையோ வால்வின் வாயில் தடவிப் பார்க்க. குமிழி எழுந்தால் வால்வு பின்னை மாற்றுக. அதன் விலை சொற்பம்.

3. டயரில் எடைக்கு நீர் நிரப்பும்போது வால்வு மேற்பக்கம் இருத்தல் வேண்டும். வால்வு மட்டம்வரை, அதாவது முக்கால் பங்கு நிரப்பினால் போதும். உவர் நீரைத் தவிர்க்க.

4. டியூப் மாற்றுகையில் ரிம் துளையின் கூர்விளிம்பையும் துருவையும் தேய்த்து நீக்குக.

5. உழவுக்கும் பாரம் இழுப்பதற்கும் உரிய காற்றளவு வெவ்வேறு. வண்டியுடன் தரும் கையேட்டின்படி நிரப்புக. டயரை உதைத்துப் பார்த்துக் காற்றை மதிப்பிடுதல் கூடாது.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் இதில் கடமையுண்டு. குப்பை ஏற்றவும் தண்ணீர் கொண்டுசெல்லவும் டிராக்டர் வைத்துள்ள ஊராட்சிகள், காற்றழுத்தமானி ஒன்றை அலுவலகத்தில் வைத்துக்கொள்ளலாம். வாரந்தோறும் அளந்து ஒரு பதிவேட்டில் குறிக்கலாம். ஊர் உழவர்களுக்கும் அதைக் கொடுத்துதவலாம். பாரம் ஏற்றிய டிரெய்லர் ஏரிக்கரைமேல் போகையில் வால்வு பிய்ந்தால், போவது டியூப் மட்டுமன்று. ஆளுயிருக்கும் அபாயம் நேரும்.

நாம் முன்னர்க் குறிப்பிட்ட உழவர் அடுத்த பட்டத்திற்குமுன் புது வால்வுகளைப் பார்த்து வாங்கினார். காற்றை அளந்து நிரப்பினார். டயரில் சுண்ணாம்புக் குறியும் இட்டார். முறைத் தண்ணீர் வந்த அன்றே அவர் வயலில் நடவு முடிந்தது. அந்தச் சுண்ணாம்புக் குறியை நம் ஊர் டிராக்டர் ஒவ்வொன்றிலும் காண விழைகின்றோம்.