படைக்குச் சென்ற உறவினரின் தடத்தைத் தேடுவது எப்படி?

நம் தோட்டங்களில் பல வீட்டுச் சுவர்களில் ஒரு பழைய நிழற்படம் தொங்குவதைக் காண்கிறோம். இளைஞர் ஒருவர் தொப்பியணிந்து நிமிர்ந்து நிற்பார். "இவர் யார்?" என வினவினால், "தாத்தாவின் அண்ணன், பட்டாளத்துக்குப் போனவர், திரும்பி வரவில்லை" என்று விடை கிடைக்கும். எந்தப் பட்டாளம், எந்த ஆண்டு, எங்கே போரிட்டார், என்ன ஆனார் என்று மேலும் கேட்டால் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். தெரிந்தவர்கள் மறைந்துவிட்டனர், தெரிய விரும்புகிறவர்களுக்கு வழி தெரியவில்லை. அந்த வழியைப் படிப்படியாகக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்படி: எந்த அணியைச் சேர்ந்தவர்?

தேடலின் வெற்றி இந்த ஒரு கேள்வியைப் பொறுத்தே அமைகிறது. "பட்டாளத்துக்குப் போனார்", "பர்மாவுக்குப் போனார்" என்று நம் முன்னோர் கூறியவை நான்கு வேறுபட்ட செய்திகளைக் குறிக்கக்கூடும்.

ஒன்று, பிரிட்டிஷ் இந்திய இராணுவம். 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கியபோது மலாயாவைக் காத்து நின்ற படையினருள் பெரும்பகுதியினர் இந்தியச் சிப்பாய்களே. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, இந்திய வீரர்கள் பல்லாயிரவர் ஃபேரர் பார்க் திடலில் ஒன்றுதிரட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர்.

இரண்டு, உள்நாட்டுத் தொண்டர் படைகள். தொடுவாய்க் குடியேற்றங்களிலும் கூட்டு மலாய் மாநிலங்களிலும் போருக்கு முன்பே இவை இயங்கின.

மூன்று, இந்திய தேசிய இராணுவம். முதலில் கேப்டன் மோகன்சிங் தலைமையில், சிறைப்பட்ட வீரர்களைக் கொண்டு 1942இல் அமைந்த இப்படை, அவ்வாண்டு டிசம்பரிலேயே கலைந்தது. 1943 ஜூலை 2ஆம் நாள் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பின்னரே அது மீண்டும் வலுப்பெற்றது. தோட்டப்புறத் தமிழர்கள் பெருந்தொகையாகச் சேர்ந்ததும் அதன் பிறகுதான். 1944 மார்ச் முதல் ஜூலை வரை இம்பால் எல்லையில் நடந்த போரிலும், அதனைத் தொடர்ந்த பின்வாங்கலிலும் பலர் குண்டுக்கும் பசிக்கும் காய்ச்சலுக்கும் இரையாயினர்.

நான்கு, சயாம்-பர்மா இரயில்பாதை. இது படையன்று. 415 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையை அமைக்க நம் தோட்டங்களிலிருந்து தொழிலாளர்களை ஜப்பானியர் கொண்டு சென்றனர். 1943 அக்டோபரில் பாதை இணைந்தது; அதற்குள் மாண்டவர் எண்ணற்றோர். "சயாமுக்குப் போனவர்" என்பது பிற்காலத்தில் வீட்டுப் பேச்சில் "பர்மாவுக்குப் போனவர்" என்றாகி, பின்னர் "பட்டாளத்துக்குப் போனவர்" என்றும் மாறியிருக்கலாம்.

ஒரு குடும்பத்தின் அனுபவம்

இந்த வேறுபாடு ஏன் முதன்மையானது என்பதை நாம் ஒரு தோட்டத்தில் கண்டறிந்தோம். அங்கு எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தம் தந்தையைப் பற்றிக் கூறினார். அவருக்கு மூன்று வயதாகும்போது தந்தை வீட்டை விட்டுச் சென்றாராம். அவர் நேதாஜியின் படையில் சேர்ந்து பர்மாவில் இறந்தார் என்பதே குடும்பத்தாரின் நம்பிக்கை. பேரப்பிள்ளை இரண்டாண்டு காலம் இந்திய தேசிய இராணுவம் தொடர்பான பட்டியல்களைத் தேடிக் களைத்திருந்தார்.

நாம் மூதாட்டியிடம் பெயரையோ ஆண்டையோ கேட்கவில்லை. "உங்கள் அம்மா அந்த நாளைப் பற்றி என்ன சொல்வார்?" என்று மட்டும் கேட்டோம். சித்திரை பிறந்து சில நாள் ஆகியிருந்தது. கங்காணி பெரட்டுக்களத்தில் ஆட்களை எண்ணி லாரியில் ஏற்றினார். மூன்று மாத வேலை, கூலியும் அரிசியும் உண்டு என்று சொன்னார்கள். அப்பா வெட்டுக் கத்தியைக்கூட வீட்டில் வைக்காமல் மரத்தடியிலேயே விட்டுச் சென்றார் என்று அம்மா சொல்வாராம். மூதாட்டி 1940இல் பிறந்தவர். ஆகவே அது 1943ஆம் ஆண்டுச் சித்திரை. போஸ் சிங்கப்பூருக்கு வருவதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முந்திய காலம். கங்காணி, லாரி, மூன்று மாத வேலை என்ற மூன்றும் இரயில்பாதையையே சுட்டின.

பேரப்பிள்ளையின் முகம் வாடியது. தாத்தா போர்வீரர் என்று பள்ளியில் பெருமையாகப் பேசியவர் அவர். மூதாட்டியோ நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கள் அம்மா சாகும்வரை பொட்டை அழிக்கவில்லை. ஒரு படையல்கூடப் போட விடவில்லை. பட்டாளத்துக்காரர் எங்காவது உயிரோடிருப்பார் என்பார். சயாமுக்குப் போனவர் என்று தெரிந்திருந்தால் அவர் மனம் ஆறியிருக்கும்" என்றார். நாள் தெரியாதவர்க்கு ஆடி அமாவாசை உண்டு என்று அவரே சொல்லி, அவ்வாண்டு முதன்முறையாகத் தந்தைக்குப் படையலிட்டார்.

தேடல் தவறான இடத்தில் தொடங்கினால் ஆண்டுகள் வீணாகும். சரியான கேள்வி ஒரு மாலைப்பொழுதில் வழியைத் திறந்துவிடும்.

இரண்டாம் படி: முதியோரைக் கேட்கும் முறை

முதியவர்களிடம் "எந்த ஆண்டு?" என்று கேட்பதால் பயன் குறைவு. "தீபாவளிக்கு முன்பா, பின்பா? அப்போது எந்தக் குழந்தை கைக்குழந்தையாக இருந்தது? வாழைமரக் காசு புழங்கிய காலமா? அரிசி கிடைத்ததா, மரவள்ளிக்கிழங்குதானா?" என்று கேளுங்கள். குழந்தையின் பிறப்புப் பத்திரத்தைக் கொண்டு ஆண்டைக் கணக்கிடலாம். அவர் தனியாகச் சென்றாரா, கூட்டமாகவா? தாமாகப் பெயர் கொடுத்தாரா, பிறர் எண்ணி ஏற்றினார்களா? பட்டணத்துப் பொதுக்கூட்டத்துக்குப் போய் வந்த பின் புறப்பட்டாரா? சீருடையில் ஒருமுறையேனும் வீட்டுக்கு வந்தாரா? இவற்றிற்குக் கிடைக்கும் விடைகளே அணியைக் காட்டும்.

கேட்டதைக் கேட்டவாறே எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் நாளையும் குறியுங்கள். கைத்தொலைபேசியில் குரலைப் பதிவு செய்வது இன்னும் நன்று. இருவர் கூற்று முரண்பட்டால் இரண்டையும் எழுதி வையுங்கள். நாமாக ஒன்றைத் திருத்தக்கூடாது. அக்காலத்தைத் தம் கண்ணால் கண்டோர் இன்று மிகச் சிலரே. ஆகவே இந்தப் படியைத் தள்ளிப்போடலாகாது.

மூன்றாம் படி: பெயரும் ஊரும்

நம் பெயர்கள் ஏடுகளில் பல வடிவங்களில் காணப்படும். காளிமுத்து என்ற பெயரை ஒரு கிராணி 'கே' எழுத்தில் தொடங்கியிருப்பார். மற்றொருவர் 'சி' எழுத்தில் தொடங்கியிருப்பார். பழனி என்பதில் ழகரத்துக்கு 'எல்' எழுத்தும் வரும், 'இசட்' எழுத்தும் வரும். இந்திய தேசிய இராணுவத்தில் ஆங்கில எழுத்தில் எழுதிய இந்துஸ்தானியே பெரிதும் வழங்கியதால், தமிழ்ப் பெயர்கள் மேலும் உருமாறின. எனவே ஒரு பெயரை ஐந்தாறு வகையில் எழுதிப் பார்த்துத் தேடுங்கள். தந்தை பெயர், வீட்டுப் பெயர், தமிழகத்துச் சொந்த ஊர் ஆகியவற்றையும் சேர்த்துக் குறியுங்கள். பெயர் ஒன்றானாலும் தந்தை பெயர் வேறானால் அவர் வேறொருவர் என அறிக.

தோட்டத்தின் பெயரிலும் இச்சிக்கல் உண்டு. நாம் தமிழில் வழங்கும் பெயர் ஒன்று. கம்பெனி ஏட்டிலுள்ள பெயர் வேறொன்று. இரண்டையும் எழுதி, அருகிலுள்ள பட்டணத்தையும் குறிப்பிடுங்கள்.

நான்காம் படி: வீட்டிலுள்ள சான்றுகள்

தகரப் பெட்டியின் அடியிலும் சாமி படத்தின் பின்னாலும் பாருங்கள். நிழற்படத்தின் பின்புறத்தில் படமெடுத்த கடையின் முத்திரை இருக்கலாம். அது ஊரைக் காட்டும். பழைய கடிதம், பதக்கம், தொப்பிச் சின்னம், இந்திய சுதந்திர லீக்கின் இரசீது ஆகிய எதனையும் அற்பமென எண்ணற்க. வெள்ளையர் திரும்பி வந்தபோது அச்சத்தால் சீருடையையும் படத்தையும் எரித்ததாகப் பல வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். உங்கள் வீட்டில் ஒன்றுமே இல்லாதிருப்பின், உறவினர் படையில் இல்லை என்று அதற்குப் பொருளாகாது.

போருக்குப் பின் தமிழகம் திரும்பியவராயின், அங்குள்ள உறவினர்க்கு எழுதி, அவர் தியாகி ஓய்வூதியம் பெற்றாரா எனக் கேளுங்கள். இந்திய அரசு 1972இல் விடுதலைப் போராட்ட வீரர்க்கான ஓய்வூதியத்தைத் தொடங்கியது; இந்திய தேசிய இராணுவத்தினரும் அதில் அடங்குவர். அந்த ஆணைத்தாள் சிறந்த சான்றாகும்.

பெண்களை மறவாதீர்

படைக்குச் சென்றவர் என்றால் ஆண்களையே நினைக்கிறோம். 1943 அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூரில் ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை தாங்கினார். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் அடுத்த நிலைக்கு உயர்ந்தார். அப்படையில் சேர்ந்தவருள் பால் வெட்டிய கைகள் மிகப் பல. அவர்கள் திரும்பி வந்து, மணம் புரிந்து, பழையதைப் பேசாமலே வாழ்ந்தனர். பாட்டியின் பெயரைத் தேடும்போது மணத்துக்கு முந்திய காலத்தில் அவர் தந்தை பெயரோடு எழுதப்பட்டிருப்பார் என்பதை நினைவிற் கொள்க.

ஐந்தாம் படி: வெளியே தேட வேண்டிய இடங்கள்

பிரிட்டிஷ் இந்திய இராணுவத்திலோ தொண்டர் படையிலோ இறந்தவராயின், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பெயர்ப் பதிவேட்டை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். கல்லறை அறியப்படாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. தைப்பிங் போர்க் கல்லறையில் 800க்கும் மேற்பட்டோர் துயில்கின்றனர். அவர்களுள் 500க்கும் மேற்பட்டோர் பெயர் அறியப்படாதவர். தமிழகத்திலிருந்து சேர்ந்த சிப்பாய்க்கு, மெட்ராஸ் ரெஜிமெண்டின் நிலையம் நீலகிரி வெலிங்டனிலும், மெட்ராஸ் சாப்பர் பிரிவின் நிலையம் பெங்களூரிலும் உள்ளன. அவரது படை எண் தெரிந்தால் அதனை முதலில் எழுதுங்கள்.

இந்திய தேசிய இராணுவத்தினர் காமன்வெல்த் கல்லறைப் பதிவேட்டில் இடம்பெறார். அவர்கள் தொடர்பான கோப்புகளைப் புதுடில்லியிலுள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். 1997இல் இந்தியப் பாதுகாப்பு அமைச்சு 990 கோப்புகளை அங்கு ஒப்படைத்தது. ஆனால் படை பின்வாங்கியபோது ஏடுகள் பல அழிந்தன. ஆகையால் ஒவ்வொருவர் பெயரும் இருக்கும் என எதிர்பார்த்தல் கூடாது.

நம் நாட்டில், கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 1945-46ஆம் ஆண்டு பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகத்தின் கோப்புகள் உள்ளன. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பிரிவு, ஜப்பானியர் ஆட்சிக் காலத்தை வாழ்ந்து கண்டோரின் குரல்களைப் பதிந்து வைத்துள்ளது. உங்கள் உறவினர் அதில் இல்லாவிடினும், அவரோடு அதே பாதையில் நடந்தவரின் சொற்கள் இருக்கலாம். இணையத்தில் தேடத் தெரியாதவர்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியரையோ, படிக்கும் பிள்ளைகளையோ துணைக்கொள்க.

ஓர் எச்சரிக்கை. "இழப்பீடு வாங்கித் தருகிறோம், ஓய்வூதியம் பெற்றுத் தருகிறோம்" என்று முன்பணம் கேட்போரிடம் ஏமாறாதீர்கள். மூலப் படத்தையும் மூலப் பத்திரத்தையும் எவரிடமும் கொடுக்க வேண்டா. நகல் மட்டும் கொடுங்கள்.

கிடைத்ததை ஏற்கும் மனம்

தேடி அறியும் செய்தி நாம் எதிர்பார்த்ததாக இல்லாமற்போகலாம். சிலர் நாட்டுப்பற்றால் சேர்ந்தனர். சிலர் பசியால் சேர்ந்தனர். சயாமுக்குக் கொண்டு போகப்படாமல் தப்பவே சேர்ந்தவரும் உண்டு. இவற்றுள் எதுவும் இழிவன்று. துப்பாக்கி ஏந்தியவர்க்கு மட்டுமே மதிப்பு உண்டு, மண்வெட்டி ஏந்தி மாண்டவர்க்கு இல்லை என்பது அறமாகாது. இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்வதைக் காட்டிலும், உள்ளதை உள்ளவாறு அறிந்து அவர் பெயரைச் சொல்வதே நாம் அவர்க்குச் செய்யும் மரியாதை.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. உங்கள் குடும்பத்தில் போர்க்காலத்தில் வீட்டை விட்டுச் சென்றவர் யார்? அவர் சென்ற காலத்தை எந்த நிகழ்ச்சியைக் கொண்டு கணக்கிடலாம்?

2. மேற்கூறிய நான்கு வகையுள் அவர் எதனைச் சேர்ந்தவராக இருக்கக்கூடும்? அதற்குரிய காரணம் என்ன?

3. அதைப் பற்றிப் பேசக்கூடிய முதியவர் யார்? அவரை என்று சந்திக்கப் போகிறீர்கள்?

மூன்றாம் வினாவுக்கு ஒரு நாளைக் குறித்து எழுதுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமையே அந்த நாளாக இருக்கட்டும்.