ஔவை ஏன் எப்பவும் பாட்டி?

கேள்வி: சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் ஓர் அடுக்ககத்தில் குடியிருக்கிறோம். பொங்கலுக்குக் குழந்தைகளை வைத்து நாடகம் போடுவது எங்கள் வழக்கம். இந்த ஆண்டு 'அதியமானும் ஔவையும்'. ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு ஔவை வேடம். நரைமுடி விக், ஊன்றுகோல் எல்லாம் வாங்கியாகிவிட்டது. வசனத்தைப் படித்துவிட்டு அவள் கேட்கிறாள்: "அம்மா, அதியமான் மட்டும் வாலிபனாவே இருக்கான், ஔவை ஏன் எப்பவும் பாட்டி?" எனக்குப் பதில் தெரியவில்லை. மற்றப் பெண் பிள்ளைகளுக்குத் தொடக்க நடனமும் ஆரத்தித் தட்டும்தான். போர், அரசவை எல்லாம் பையன்களுக்கு. ஒரு பெண் தொண்டைமானாக நடிக்க ஆசைப்பட்டாள். "பொம்பளப் பிள்ளைக்கு ராஜா வேஷமா?" என்று பெரியவர் ஒருவர் தடுத்துவிட்டார். நம் இலக்கியத்திலும் நாடகத்திலும் இப்படித்தான் இருந்ததா அம்மா? எங்கள் வசனத்தில் எதை மாற்றலாம்?
– ஒரு வாசகி, சேலையூர்

பதில்: உங்கள் மகளுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். சங்கப் பாடல்களில் நாம் சந்திக்கும் ஔவையைப் பாட்டி என்று கொள்ள அந்தப் பாடல்களில் ஆதாரம் இல்லை. அவளைக் கிழவியாக்கியவை பிற்காலக் கதைகளும் மேடையும் திரையும்.

சங்க நூல்களில் ஔவையார் பெயரில் 59 பாடல்கள் இருக்கின்றன. அவற்றில் 33 புறநானூற்றில். 87 முதல் 95 வரை வரிசையாக ஒன்பது பாடல்கள் தகடூர் அரசன் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றியவை. அந்த ஒன்பதையும் ஒரு மாலை நேரத்தில் மகளோடு உட்கார்ந்து உரையோடு படித்துவிடலாம். 89-ஆம் பாடலில் பகை அரசன் ஒருவன், உங்கள் நாட்டில் போரிட ஆள் உண்டா என்று கேட்கிறான். அவன் யாரைப் பார்த்துக் கேட்கிறான்? மை தீட்டிய கண்ணும் ஒளிரும் நெற்றியும் உடைய விறலியை, அதாவது ஆடிப் பாடும் இளம் கலைஞரை. அந்த விறலி ஔவையேதானா, ஔவை ஏற்றுக்கொண்ட குரலா என்று வாதிக்கலாம். ஆனால் பதில் சொல்லும் நாவு ஔவையுடையது.

92-ஆம் பாடல் இன்னும் வியப்பானது. குழந்தையின் மழலைக்கு இசையும் இல்லை, பொருளும் இல்லை, ஆனாலும் தந்தைக்கு அது இனிக்கிறது. என் சொல்லும் உனக்கு அப்படித்தான் என்கிறாள் அதியமானிடம். இங்கே ஔவை தன்னைக் குழந்தையின் இடத்திலும் அவனைத் தந்தையின் இடத்திலும் வைக்கிறாள். இந்த ஒரு பாட்டை நம்பி அதியமானுக்கு எந்த மேடையும் நரை தாடி ஒட்டவில்லை. ஆதாரம் இல்லாத நரையோ ஔவைக்கு வந்து சேர்ந்தது.

அது எப்படி வந்தது? ஔவை என்ற பெயரில் வெவ்வேறு காலங்களில் பாடியவர்கள் பலர். சங்கப் புலவர் ஒருவர். பல நூற்றாண்டுகள் கழித்து ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி எழுதியவர் வேறு. கதை சொன்னவர்கள் எல்லாரையும் ஒரே மூதாட்டியாகச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். திருமணம் வேண்டாம் என்று பிள்ளையாரிடம் அழுது வேண்டி, இளமையைத் துறந்து கிழவியான பெண்ணின் கதையும் அதோடு சேர்ந்தது. 1953-இல் ஜெமினி எடுத்த 'ஔவையார்' படம் அந்தக் கதையை நாடு முழுக்கக் கொண்டுபோனது. அதற்கு முன்பே, 1942-இல், டி.கே.எஸ். சகோதரர்கள் 'ஔவையார்' நாடகத்தை மேடையேற்றினார்கள். முப்பது வயது இளைஞரான டி.கே. சண்முகம் பல்லுப்போன கிழவியாக நடித்து ஊரையே கட்டிப்போட்டார். 'அவ்வை' அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கோபாலபுரம் பக்கம் லாயிட்ஸ் சாலையாக இருந்தது இன்று அவ்வை சண்முகம் சாலை. அந்த நடிப்பின் பெருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஸ்திரீபார்ட், அதாவது ஆண் கட்டும் பெண் வேடம், அன்று கேலிக்குரியதாக இருக்கவில்லை. அது பல ஆண்டுப் பயிற்சி கேட்ட கலை.

என்னை உறுத்துவது வேறு. இளமையைத் துறந்து கிழவியான அந்தப் பெண்ணின் கதையை ஒருமுறை நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஊர் ஊராகத் தனியே நடக்கவும், மன்னர்களை எதிர்த்துப் பேசவும், போரை நிறுத்தவும் ஒரு பெண்ணுக்கு உரிமை வேண்டும். கதை அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் தருவதற்கு முன் அவளுடைய இளமை, காதல், பசி, கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது. ஆண் பாத்திரத்திடம் இந்த விலையை யாரும் கேட்டதில்லை. அதியமான் இளமையோடும் வீரத்தோடும் சுற்றத்தோடும் அரசவையில் உட்கார்ந்திருக்கிறான். தொல்காப்பியக் களவியல் ஆணுக்குப் பெருமையையும் வலிமையையும், பெண்ணுக்கு அச்சம், நாணம், மடம் ஆகியவற்றையும் வகுத்தது. அச்சமும் நாணமும் இல்லாமல் அவையில் நிற்கும் ஒரு பெண்ணை மேடைக்குக் கொண்டுவர, கிழப்பருவம் வசதியான வழியாகிவிட்டது.

ஜெமினி படத்தில் ஔவையாக நடித்த கே.பி. சுந்தராம்பாளின் வேடங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் இறந்தபோது சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து வயது. 1935-இல் திரைக்கு வந்தார், ஒரு லட்சம் ரூபாய் ஊதியத்தில், ஆண் வேடத்தில், நந்தனாராக. 1940-இல் துறவு பூணும் மணிமேகலை. 1953-இல் ஔவை. 'பூம்புகார்' படத்தில் சமணத் துறவி கவுந்தி அடிகள். 'திருவிளையாடல்', 'கந்தன் கருணை' இரண்டிலும் மறுபடி ஔவை. தமிழ் மேடை கண்ட மிகப் பெரிய குரல்களில் ஒன்று, தன் வயதுக்கும் வாழ்வுக்கும் உரிய ஒரு பெண்ணாகத் திரையில் பாட இடமில்லாமல், ஆணாகவும் துறவியாகவும் மூதாட்டியாகவும்தான் பாடியது. இதில் அவர் தானே பூண்ட விதவைக் கோலத்துக்கும் பங்குண்டு. ஆனால் அந்த மூன்று கதவுகளைத் தவிர வேறு கதவு அன்று திறந்திருந்ததா என்றும் கேட்க வேண்டும்.

கண்ணகியும் பாஞ்சாலியும் இளம்பெண்கள்தானே, அவையில் பேசினார்களே என்று உங்கள் மகள் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. இருவரும் பேசினார்கள், அரசர்கள் தலைகுனிந்தார்கள். ஆனால் கணவன் கொல்லப்பட்ட பிறகும், கணவன் சூதில் தோற்ற பிறகும்தான் அந்தப் பேச்சு பிறக்கிறது. பிறகு இருவரையும் கோயிலில் ஏற்றிவிட்டோம். சங்க ஔவையோ யாருக்கும் மனைவியாக வந்து பேசவில்லை. தன் தொழிலின் பேரில் பேசுகிறாள். அதனால்தான் அவள் எனக்கு இவ்வளவு வேண்டியவள்.

இந்த ஔவையை மீட்டு மேடைக்குக் கொண்டுவந்தவர் கவிஞர் இன்குலாப். புதுக்கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். உங்கள் தாம்பரத்தைத் தாண்டி ஊரப்பாக்கத்தில் வாழ்ந்தவர். 1990-களில் அவர் எழுதிய 'ஔவை' நாடகத்தை அ. மங்கை இயக்கினார். பாணர்களோடு சேர்ந்து ஊர் ஊராகத் திரியும், உண்டு குடித்துச் சிரிக்கும், அதியமானின் தோழியான இளம் ஔவை அதில் வருகிறாள். எங்கள் ஔவைப் பாட்டியா கள் குடித்தாள் என்று கலங்கியவர்களுக்கு விடை புறநானூறு 235-இல் இருக்கிறது. அதியமான் இறந்தபின் அவள் அழும் பாட்டு அது. கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவானே, நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து குடிப்பானே என்கிறாள். மணம் கமழும் தன் கையால், புலால் நாறும் அவள் தலையைத் தடவிக்கொடுப்பான் என்றும் சொல்கிறாள்.

அந்தக் கையைக் கவனியுங்கள். பெண்ணை நரைக்க வைத்த மேடை ஆணிடமும் ஒன்றைப் பறித்திருக்கிறது. பாடல்களில் வரும் அதியமான் ஊட்டுகிறவன், தலையை வருடுகிறவன், மழலை மொழியையும் ரசித்துக் கேட்கிறவன். 100-ஆம் பாடலில் போர்க்களத்திலிருந்து நேரே வந்து பிறந்த மகனைப் பார்க்கிறான், கண்ணின் சிவப்பு இன்னும் தணியவில்லை. ஒரே ஆளிடம் சினமும் வாஞ்சையும் இருக்கின்றன. நம் பள்ளி நாடகங்களில் அவனுக்கு மிஞ்சியிருப்பது மீசையும் வாளும், கடைசியில் ஒரு நெல்லிக்கனியும். அந்த வேடம் போடும் பையனுக்கும் இது நட்டம்தான்.

பெண் பிள்ளை அரசனாகலாமா என்பதற்கு வருகிறேன். தடுத்த பெரியவரிடம் மரியாதையாகவே சொல்லுங்கள்: நம் மேடை மரபு அவர் நினைப்பதைவிட விரிந்தது. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்டு நாடகக் கம்பெனி நடத்தினார், ஆண் பாத்திரங்களையும் பெண்களே ஏற்றார்கள். 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் நேர்மாறு. அங்கே பெண்கள் நடிக்கவில்லை, அவருக்கு ஜோடியாக நாயகி வேடம் கட்டியவர் ரங்கவடிவேலு. ராஜபார்ட், ஸ்திரீபார்ட் என்று பார்ட்டைப் பிரித்தார்களே தவிர, எந்த உடல் எந்தப் பார்ட்டைக் கட்டலாம் என்பதில் மேடை நெகிழ்வாகவே இருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தொண்டைமான் வேடத்தைக் கொடுங்கள்.

இனி வசனம். நெல்லிக்கனிக் காட்சியை உச்சமாக வைத்திருப்பீர்கள், எல்லாரும் அப்படித்தான் வைக்கிறார்கள். அதில் கொடுப்பவன் அதியமான், வாங்கி வாழ்த்துவது மட்டுமே ஔவையின் வேலை. அதைச் சுருக்கி, அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போகும் காட்சியை நடுவில் கொண்டுவாருங்கள். 95-ஆம் பாடல். காஞ்சியில் தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைப் பெருமையோடு காட்டுகிறான். மாலை சூட்டி, நெய் பூசி, பளபளவென்று இருக்கின்றன படைக்கலங்கள். ஔவை புகழ்வதுபோலவே தொடங்கி, எங்கள் அரசனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். கேட்ட தொண்டைமானின் முகம் மாற வேண்டும். பேசி முடித்த ஔவையின் முகம் மாறவே கூடாது. இரண்டு பெண் குழந்தைகளும் இந்த இடத்தில் நன்றாக விளையாடுவார்கள்.

இன்னொரு காட்சி சேர்க்க நேரம் இருந்தால் 206-ஆம் பாடலை எடுங்கள். பரிசில் தர அதியமான் காலம் தாழ்த்துகிறான். ஔவை கெஞ்சவில்லை. வாயில் காவலனிடம் போகிறாள், உன் அரசனுக்குத் தன் தரம் தெரியாதா, என் தரம் தெரியாதா என்று கேட்கிறாள், யாழையும் மூட்டையையும் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிறாள். கோடரி பிடிக்கும் தச்சன் வீட்டுப் பிள்ளைக்கு எந்தக் காட்டிலும் பிழைப்பு உண்டு, கற்றவர்க்கும் அப்படித்தான் என்பது அவள் துணிவு. வாயிற்காவலனாக நல்ல நகைச்சுவை வரும் ஒரு பையனைப் போடுங்கள். ஆரத்தித் தட்டு ஏந்த வைத்திருக்கும் பிள்ளைகளை ஔவையோடு நடக்கும் பாணர் கூட்டமாக்கிவிடுங்கள். ஆண், பெண் இருபாலரும் கலந்து இருக்கட்டும். ஆளுக்கொரு பறையோ யாழோ அட்டையில் செய்து கொடுத்தால் போதும்.

கள்ளைக் குழந்தைகள் மேடையில் சொல்ல உங்களுக்குத் தயக்கம் இருக்கும், புரிகிறது. அதே 235-ஆம் பாடலில் சோறும் இருக்கிறது. கொஞ்சம் இருந்தாலும் பலரோடு பகிர்ந்து உண்டான் என்கிறாள் ஔவை. அதை வைத்தே அழுகைக் காட்சியை அமைத்துவிடலாம். அங்கே அறிவுரை வசனம் மட்டும் நுழைய வேண்டாம். ஆத்திசூடி அடிகளை ஒவ்வொரு காட்சி முடிவிலும் சொல்ல வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அவை இன்னொருவர் எழுதியவை. பெண் பேச்சைக் கேட்க வேண்டாம் என்ற பொருளில் ஓர் அடியும் அவற்றில் இருக்கிறது. பேச்சாலேயே வாழ்ந்த சங்க ஔவையின் வாயில் அது பொருந்தாது.

விக்கைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடியாவிட்டால், வாயில் காவலனுக்கு வைத்துவிடுங்கள். ஊன்றுகோலும் அவன் கையில் நன்றாக இருக்கும். உங்கள் மகள் தன் முடியை இறுக்கிப் பின்னி, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டட்டும். தகடூருக்கும் காஞ்சிக்கும் இடையே அவள் நிறைய நடக்க வேண்டியிருக்கிறது.